கண்ணும் காலும்: நிலவில் சாய்ந்த ஸ்லிம், ஒடிசியஸ் – ஓர் ஒப்பாய்வு

2024 வானுக்கு ஓய்வே இல்லாத ஆண்டு. உலகின் பல மூலைகளிலிருந்து 250க்கும் மேற்பட்ட ராக்கெட்டுகள் சுற்றுப்பாதையை நோக்கிக் கிளம்பின. அவற்றில் ஏறத்தாழப் பாதி, அதாவது 134, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் ராக்கெட்டுகள். ஜனவரி முதல் நாளே இஸ்ரோவின் பிஎஸ்எல்வி எக்ஸ்போசாட் செயற்கைக்கோளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. டிசம்பர் 30 அன்று இன்னொரு பிஎஸ்எல்வி ஸ்பேடெக்ஸ் இரட்டைக் கலங்களைச் சுமந்து சென்றது. இடையே ஜூனில், சீனாவின் சாங்கே-6 நிலவின் மறுபக்கத்து மண்ணை முதன்முதலாகப் பூமிக்குக் கொண்டுவந்தது, எடை 1,935.3 கிராம். ஜூலையில் ஐரோப்பாவின் ஏரியான்-6 முதல்முறை பறந்தது. அக்டோபர் 13 அன்று ஸ்டார்ஷிப்பின் கீழ்க்கட்டம் திரும்பி வந்து ஏவுதளக் கோபுரத்தின் இரு கைகளுக்குள் அடங்கியது. மறுநாள் யூரோப்பா கிளிப்பர் வியாழனை நோக்கிப் புறப்பட்டது.

ஆண்டுக் கணக்கு எழுதும் எவரும் இந்த வெற்றிகளிலிருந்துதான் தொடங்குவார்கள். அந்த ஆண்டில் என் மனத்தில் தங்கிவிட்டவை வேறு இரண்டு பயணங்கள். இரண்டும் நிலவில் இறங்கின. இரண்டும் இருக்க வேண்டிய நிலையில் இல்லாமல் சாய்ந்து கிடந்தன. முதலாவது, ஜப்பானிய விண்வெளி முகமையான ஜாக்ஸாவின் ஸ்லிம். இந்திய நேரப்படி ஜனவரி 19 இரவு 8.50க்கு நிலவைத் தொட்டது. இரண்டாவது, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரைச் சேர்ந்த இன்ட்யூட்டிவ் மெஷின்ஸ் நிறுவனத்தின் ஒடிசியஸ். அது பிப்ரவரி 23 அதிகாலை 4.53க்கு இறங்கியது. இடையில் 34 நாட்கள்.

செய்தித் தலைப்புகளில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன: நிலவில் இறங்கிய கலம் கவிழ்ந்தது. அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் வேறுபாடு துலங்குகிறது. ஸ்லிம்முக்குக் கண் கூர்மையாக இருந்தது, கடைசி 50 மீட்டரில் கால் போயிற்று. ஒடிசியஸுக்குக் கால் உறுதியாக இருந்தது, உயரம் பார்க்கும் கண் பூமியை விட்டுக் கிளம்பும்போதே மூடிக் கிடந்தது. இறங்கும் கலத்துக்குக் கால் என்று நான் சொல்வது அதன் ஊன்றுகாலை மட்டுமல்ல; அதைத் தாங்கிப் பிடித்து மெல்ல இறக்கும் எஞ்சினையும் சேர்த்துத்தான். கண் என்பது, தான் எங்கே இருக்கிறோம், தரை எவ்வளவு தூரம் என்று அதற்குச் சொல்லும் கருவிகள்.

எந்தக் கேள்வியோடு போயின?

இரண்டுக்கும் ஆன செலவு ஏறக்குறைய ஒரே அளவில் பேசப்பட்டது. ஸ்லிம்முக்குச் சுமார் 1,800 கோடி யென். அன்றைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ 12 கோடி டாலர். ஒடிசியஸில் தன் ஆறு கருவிகளைக் கொண்டுசெல்ல நாசா கொடுத்த தொகை 11.8 கோடி டாலர். முன்னது ஒரு முகமையின் திட்டச் செலவு. பின்னது ஒரு வாடிக்கையாளர் கொடுத்த கட்டணம். ஆகையால் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்துப் பார்ப்பது சரியாகாது. ஆனால் அந்தக் கணக்கு வேறுபாடே இரண்டு பயணங்களின் இயல்பையும் சொல்லிவிடுகிறது.

ஸ்லிம் ஒரு கேள்வியைக் கேட்கப் போன கலம். நிலவில் இதுவரை இறங்கியவை பெரும்பாலும் இறங்குவதற்கு எளிதான சமதரையைத் தேடிப் போனவை. குறித்த புள்ளியிலிருந்து சில கிலோமீட்டர் விலகினாலும் பாதகமில்லை என்ற கணக்கில் இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2023இல் நம் சந்திரயான்-3 இறங்கியபோதுகூட அதற்கு ஒதுக்கப்பட்ட பரப்பு 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. எளிதான இடத்தில் இறங்குவதை விட்டு, வேண்டிய இடத்தில் இறங்கும் காலத்துக்குப் போக முடியுமா என்பதே ஜாக்ஸாவின் கேள்வி. குறியிலிருந்து 100 மீட்டருக்குள் இறங்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். 1969 நவம்பரில் அப்போலோ-12, ஏற்கெனவே நிலவில் நின்றிருந்த சர்வேயர்-3 கலத்திலிருந்து 200 மீட்டருக்குள் இறங்கியது உண்டு. ஆனால் அங்கே பீட் கான்ராட் என்ற தேர்ந்த விமானி ஜன்னல் வழியே பார்த்துக் கையால் ஓட்டினார். ஸ்லிம்மில் ஆள் இல்லை.

ஒடிசியஸ் ஒரு சேவையைத் தொடங்கி வைக்கப் போன கலம். நாசா 2018இல் ஒரு புதிய முறைக்கு வந்தது: இறங்கு கலத்தை இனித் தானே கட்டுவதில்லை, கூரியருக்குப் பணம் கட்டுவதுபோலத் தனியார் நிறுவனங்களுக்குக் கட்டணம் கொடுத்துத் தன் கருவிகளை நிலவுக்கு அனுப்பும். விலை குறையும், எண்ணிக்கை கூடும், சில கலங்கள் தொலைந்துபோகும், அதற்கும் துணிய வேண்டும் என்பதே அந்த முறையின் அடிப்படை. முதலில் கிளம்பியது ஆஸ்ட்ரோபாட்டிக் நிறுவனத்தின் பெரகிரின். 2024 ஜனவரி 8 அன்று ஏவப்பட்ட சில மணி நேரத்திலேயே அதன் எரிபொருள் கசிந்தது. நிலவை எட்டாமலே பத்து நாட்கள் கழித்துப் பூமியின் காற்றுமண்டலத்தில் எரிந்தது. அடுத்து வந்த ஒடிசியஸின் மேல் எவ்வளவு எதிர்பார்ப்பு இருந்திருக்கும்! 1972 டிசம்பரில் அப்போலோ-17 இறங்கிய பிறகு 51 ஆண்டுகள் எந்த அமெரிக்கக் கலமும் நிலவில் மெல்லத் தரையிறங்கியதில்லை. எந்த நாட்டுத் தனியார் கலமும் எக்காலத்திலும் இறங்கியதில்லை.

ஒன்று துல்லியத்தைத் தேடியது. மற்றது மலிவையும் வாடிக்கையையும் தேடியது. இரண்டுமே நியாயமான தேடல்கள்தாம். எது எப்படி விழுந்தது என்பதன் விதை இங்கேதான் இருக்கிறது.

உடலும் வழியும்

ஸ்லிம்மின் எடை எரிபொருள் இல்லாமல் சுமார் 200 கிலோ. எரிபொருளோடு 700 கிலோ. ஒடிசியஸ் எரிபொருளோடு 1,900 கிலோ. ஸ்லிம் 2.4 மீட்டர் உயரமும் 2.7 மீட்டர் அகலமும் கொண்ட குட்டை உடல். ஒடிசியஸ் ஆறு கால்களின் மேல் 4 மீட்டருக்கும் உயர்ந்து நிற்கும் ஒடுங்கிய உருளை.

இறங்கும் விதத்திலும் இரண்டு மனப்போக்குகள். ஸ்லிம் இறங்க வேண்டிய இடம், நிலவின் தெற்கு அரைக்கோளத்தில் 13 பாகையில், ஷியோலி என்ற சிறு பள்ளத்தின் ஓரத்துச் சரிவு. நிலவின் அடியாழத்திலிருந்து வந்ததாகக் கருதப்படும் ஒலிவின் கனிமம் அந்தப் பள்ளத்தைச் சுற்றிச் சிதறிக் கிடக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் அந்தச் சரிவில்தான் இறங்க வேண்டும். சரிவில் நிமிர்ந்து நிற்க முயன்றால் கவிழும். அதனால் ஜாக்ஸாவின் பொறியாளர்கள், கவிழ்வதையே திட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். முதலில் பின்னங்காலை ஊன்றி, பிறகு முன்புறமாகச் சாய்ந்து, சூரியத் தகடுகள் மேல்நோக்கியிருக்கப் படுத்துக்கொள்ள வேண்டும். காலின் நுனிகள் அடிபட்டால் நசுங்கி அதிர்வை உள்வாங்கும் வகையில் அலுமினிய வலைப்பின்னலாகச் செய்யப்பட்டிருந்தன. ஒடிசியஸ் நிமிர்ந்து நிற்கும் என்று நம்பிக் கட்டப்பட்டது. அது போன இடம் தென்துருவத்திலிருந்து 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மலாபெர்ட்-ஏ பள்ளத்தின் அருகே. 80 பாகைத் தென் அட்சம். எதிர்காலத்தில் மனிதர்கள் போக எண்ணும் வட்டாரம் அது.

போன வழி இன்னும் சுவையானது. ஸ்லிம் 2023 செப்டம்பர் 7 அன்று தனெகாஷிமா தீவிலிருந்து எச்-2ஏ ராக்கெட்டில், எக்ஸ்ரிசம் என்ற எக்ஸ்-கதிர் விண்தொலைநோக்கியோடு இடம் பகிர்ந்து கிளம்பியது. சிறிய கலம், எரிபொருளைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும். நிலவின் ஈர்ப்பையே ஒருமுறை உதவிக்கு எடுத்துக்கொண்டு சுற்றுவழியாக மெல்லப் போய், கிறிஸ்துமஸ் அன்றுதான் நிலவின் சுற்றுப்பாதையில் நுழைந்தது. அதன் ஹைட்ரசீன் எரிபொருள் தொட்டியில் மாதக்கணக்கில் பத்திரமாக இருக்கும். காத்திருப்பது அதற்குக் கஷ்டமில்லை.

ஒடிசியஸால் காத்திருக்க முடியாது. அதன் எஞ்சின் திரவ மீத்தேனையும் திரவ ஆக்சிஜனையும் எரிப்பது. சுழியத்துக்குக் கீழே 160 பாகைக்கும் குளிரான திரவங்கள் அவை. நாள் ஆக ஆக ஆவியாகும். ஏவுதளத்தில் ராக்கெட்டின் உச்சியில் ஏறி நின்ற பிறகு, புறப்படச் சில மணி நேரம் இருக்கும்போதுதான் அதற்கு எரிபொருள் நிரப்பினார்கள். மீத்தேனின் வெப்பநிலை சரியில்லை என்பதற்காகவே பயணம் ஒரு நாள் தள்ளிப்போய், பிப்ரவரி 15 அன்று ஃபால்கன்-9இல் கிளம்பியது. ஒரே வாரத்தில் நிலவு. பூமியைச் சுற்றும் எல்லைக்கு அப்பால் மீத்தேன்-ஆக்சிஜன் எஞ்சின் ஒன்று எரிந்தது அதுவே முதல் முறை. அது நன்றாகவே எரிந்தது. பிறகு நடந்தவற்றின் இரைச்சலில் இந்தச் சாதனை காதில் விழாமல் போனது எனக்கு வருத்தம்.

கண் இருந்தது, கால் போயிற்று

ஜனவரி 19 இரவு ஸ்லிம் 15 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இறங்கத் தொடங்கியது. இருபது நிமிட இறக்கம். வழியெங்கும் அது கீழே படம் எடுத்தது. அந்தப் படத்தில் உள்ள பள்ளங்களைத் தானே கண்டுபிடித்து, முன்பே ஏற்றிவைத்திருந்த வரைபடத்தோடு ஒப்பிட்டு, தான் எங்கே இருக்கிறது என்று கணித்துத் திருத்திக்கொண்டது. விண்கலங்களில் வைக்கும் கணினிகள் நம் மேசைக் கணினிகளைவிடப் பல மடங்கு மந்தமானவை. அந்த மந்தமான மூளை சில நொடிகளுக்குள் இதைச் செய்து முடிக்க வேண்டும். செய்தது. 50 மீட்டர் உயரத்தில் மிதந்து நின்று பாறைகளைப் பார்க்கத் தொடங்கியபோது, அது தன் குறியிலிருந்து 10 மீட்டருக்குள் இருந்தது. 3 அல்லது 4 மீட்டராகவே இருந்திருக்கலாம் என்று ஜாக்ஸா பிறகு கணக்கிட்டது. பூமியிலிருந்து 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பால், ஆளில்லாத கலம் ஒன்று ஒரு வீட்டு வாசலை அடையாளம் கண்டுபிடித்துப் போய் நின்றதற்குச் சமம் இது.

அங்கேதான் கால் போயிற்று. இரண்டு முதன்மை எஞ்சின்களில் ஒன்றின் விசை திடீரென்று அற்றது. கலம் எடுத்த படங்களிலேயே, எஞ்சினின் முனைக்கூம்பு போன்ற ஒன்று கழன்று தரையை நோக்கி விழுவது தெரிகிறது. உந்துவிசை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மிச்சமிருந்த ஒற்றை எஞ்சின் ஒரு பக்கமாகத் தள்ள, கலம் கிழக்கே நகரத் தொடங்கியது. பூமியிலிருந்து உதவி வர வழியில்லை. குறிப்பு போய்த் திரும்பவே இரண்டு நொடிக்கு மேல் ஆகும். ஸ்லிம்மே பழுதை உணர்ந்து, பக்கவாட்டு நகர்வை முடிந்த மட்டும் கட்டுப்படுத்திக்கொண்டு இறங்கியது. தரையைத் தொட்டபோது அதன் கீழ்நோக்கு வேகம் நொடிக்கு 1.4 மீட்டர், திட்டமிட்டதைவிடவும் மெதுவானது. ஆனால் பக்கவாட்டு வேகமும் உடலின் சாய்வும் எல்லை மீறியிருந்தன. எஞ்சின் மேலே, மூக்கு கீழே என்று தலைகீழாகப் போய் நின்றது. இடம், குறியிலிருந்து 55 மீட்டர் கிழக்கே. அத்தனைக்குப் பிறகும் 100 மீட்டர் இலக்குக்குள்!

கால் இருந்தது, கண் மூடியது

ஒடிசியஸின் கதை நிலவுக்கு வெகு தூரத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. தரைக்கும் தனக்கும் இடையேயான தூரத்தை அளக்க அதில் லேசர் அளவிகள் இருந்தன. லேசர் கண்ணுக்கு ஆபத்தானது என்பதால், கலத்தின் மேல் ஆட்கள் வேலை செய்யும்போது அது தவறி எரியாமல் இருக்க ஒரு பாதுகாப்புப் பூட்டு வைத்திருந்தார்கள். புறப்படுமுன் கையால் விடுவித்திருக்க வேண்டிய அந்தப் பூட்டு விடுவிக்கப்படவில்லை. பூமியிலிருந்து குறிப்பு அனுப்பித் திறக்கவும் வழியில்லாத பூட்டு அது. புறப்படுவதற்கு முன் லேசரை ஒருமுறை எரித்துப் பார்க்கும் சோதனை, நேரத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்த விடப்பட்டது என்பதை நிறுவனத்தின் பொறியாளரே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார்.

நிலவைச் சுற்றத் தொடங்கிய பிறகு, பாதையைச் சரிபார்க்க லேசரைப் பயன்படுத்தியபோதுதான் இது தெரியவந்தது. இறங்க இன்னும் சில மணி நேரமே இருந்தது. அப்போது ஹூஸ்டனில் நடந்ததை எண்ணினால் இன்றும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. நாசா சோதனைக்காக அனுப்பியிருந்த ஒரு டாப்ளர் லேசர் கருவி அதே கலத்தில் இருந்தது. அது பயணி, ஓட்டுநர் அல்ல. அந்தப் பயணியை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைக்க முடிவுசெய்தார்கள். இறங்குவதை ஒரு சுற்று, அதாவது இரண்டு மணி நேரம் தள்ளிப்போட்டு, புதிய மென்பொருளை எழுதி மேலே அனுப்பினார்கள். மாதக்கணக்கில் செய்யும் வேலையைச் சில மணி நேரத்தில் செய்தார்கள்.

அந்த அவசரத்தில் ஒன்று விட்டுப்போனது. நாசாவின் கருவி அளந்த உயரத்தைக் கலத்தின் கணினி எடுத்துக்கொள்ளவே இல்லை என்று பிறகு தெரிந்தது. ஒடிசியஸ் கடைசிவரை கேமராப் படங்களையும் உள்ளிருந்த இயக்க உணரிகளையும் மட்டுமே நம்பி இறங்கியது. குறியிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிப்போனது. அங்கே தரை, அதன் கணக்கில் இருந்ததைவிட மேடாக இருந்தது. இன்னும் உயரம் மிச்சமிருக்கிறது என்று கலம் நினைத்த நேரத்தில் தரை வந்துவிட்டது. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் இறங்க வேண்டியது 3 மீட்டர் வேகத்தில் இறங்கியது, பக்கவாட்டிலும் நகர்ந்துகொண்டிருந்தது. 12 பாகைச் சரிவில் கால் இடறி, காலில் ஒன்றாவது முறிந்தது. எஞ்சின் எரிந்துகொண்டிருந்தவரை நின்ற உடல், அது அணைந்ததும் மெல்லச் சாய்ந்து, தரையோடு 30 பாகைக் கோணத்தில் சரிந்து கிடந்தது.

இரண்டு பழுதுகளின் இயல்பு

எஞ்சின் பாதி போன ஸ்லிம் நொடிக்கு 1.4 மீட்டரில் தரையைத் தொட்டது. எஞ்சின் முழுசாக இருந்த ஒடிசியஸ் 3 மீட்டரில் தொட்டது. இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்தால், இறங்கும் கலையில் கண் எவ்வளவு பெரிது என்பது புரியும். வலு குறைந்தாலும் தரை எங்கே என்று தெரிந்த கலம் தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கிறது. வலு நிறைந்திருந்தும் தரை எங்கே என்று தெரியாத கலம் அந்த வலுவை எப்போது செலவழிப்பது என்று அறியாமல் நிற்கிறது.

பழுதுகளின் பிறப்பிடமும் வேறு. ஸ்லிம்முடையது பறக்கும்போது, பொருளில் நேர்ந்த முறிவு. ஒடிசியஸுடையது தரையில், மனிதக் கை செய்யாமல் விட்ட ஒரு வேலை. முன்னதைத் தடுக்க எஞ்சினை மீண்டும் மீண்டும் சோதிக்க வேண்டும். மாதங்களும் பணமும் வேண்டும். பின்னதைத் தடுக்கச் சில நிமிடங்கள் போதும்: பட்டியலைப் பார்த்து ஒரு பூட்டை விடுவிக்க வேண்டும், ஒருமுறை எரித்துப் பார்க்க வேண்டும். எளிய தவறு என்று ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. பெரிய தவறுகளுக்குக் குழு போட்டுக் காவல் வைக்கிறோம்; சிறிய தவறுகள்தாம் காவலைத் தாண்டி உள்ளே வருகின்றன. மலிவும் வேகமும் இலக்காகும்போது முதலில் குறைபடுவது அந்தச் சிறிய சோதனைகள்தாம். அந்த முறை கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அது. முறையையே கைவிட அது காரணம் ஆகாது.

பெற்றோரைப் படம் எடுக்கப் போன பிள்ளைகள்

இரண்டு கலங்களுமே, தாம் இறங்குவதை வெளியிலிருந்து படம் எடுக்க ஒரு சிறு கருவியைச் சுமந்து போயின. இந்த ஒற்றுமையைக் கவனித்தபோதுதான் இரண்டையும் ஒப்பிட்டு எழுத வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வந்தது.

ஸ்லிம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் இரண்டு குட்டி ரோபோக்களை வெளியே விட்டது. அவற்றில் ஒன்று சோரா-க்யூ. 8 சென்டிமீட்டர் குறுக்களவு, 250 கிராம் எடை. கிரிக்கெட் பந்தைவிடச் சற்றே பெரியது. உருமாறும் பொம்மைகள் செய்யும் தக்காரா டோமி நிறுவனமும் சோனியும் தோஷிஷா பல்கலைக்கழகமும் ஜாக்ஸாவோடு சேர்ந்து உருவாக்கியது. தரையில் விழுந்ததும் பந்து இரண்டாகப் பிளந்து, இரு பாதிகளும் சக்கரங்களாக மாறும். அது தானே திரும்பிப் பார்த்து, தாய்க்கலத்தைத் தேடிப் படம் எடுத்து, தோழமை ரோபோ வழியாகப் பூமிக்கு அனுப்பியது. சாம்பல் நிறச் சரிவில் தலைகுப்புற நிற்கும் ஸ்லிம். தோல்வியின் படம் என்று அதைச் சொல்ல முடியுமா? இரண்டு குட்டி ரோபோக்கள் மனிதர் கட்டளையின்றித் தம்முள் பேசிக்கொண்டு நிலவில் வேலை செய்து அனுப்பிய படம் அல்லவா அது!

ஒடிசியஸிடம் எம்ப்ரி-ரிடில் பல்கலைக்கழக மாணவர்கள் செய்த ஈகிள்கேம் என்ற கேமரா இருந்தது. தரைக்குச் சுமார் 30 மீட்டர் மேலே அதை எறிந்து, இறங்குவதைப் படம் பிடிப்பதாகத் திட்டம். வழிகாட்டும் மென்பொருளைக் கடைசி நேரத்தில் மாற்ற வேண்டி வந்ததால் அதை அணைத்துவைக்க நேர்ந்தது. சில நாள் கழித்து அதை வெளியே தள்ளினார்கள், சில மீட்டர் தொலைவில் போய் விழுந்தது, படம் வரவில்லை. விடுவிக்கப்படாத ஒரு பூட்டின் விலையில் அந்த மாணவர்களின் ஆண்டுக்கணக்கான உழைப்பும் சேர்ந்துகொண்டது.

விழுந்த பின் வாழ்ந்த வாழ்வு

ஸ்லிம் தலைகீழாக நின்றதால் சூரியத் தகடுகள் மேற்கைப் பார்த்தன. அங்கே அப்போது காலை, சூரியன் கிழக்கே. மின்சாரம் வரவில்லை. இறங்கி இரண்டரை மணி நேரம் ஆனபோது பேட்டரியில் 12 விழுக்காடு மிச்சம் இருந்தது. முழுக்கத் தீர்ந்தால் மீண்டும் எழுப்புவது கடினம் என்பதால், கலத்தைத் தாமாகவே அணைத்துவிட்டு, சூரியன் மேற்கே வரட்டும் என்று காத்திருந்தார்கள். ஜனவரி 28 அன்று ஸ்லிம் கண் திறந்தது. உடனே சுற்றியிருந்த பாறைகளை ஆராயத் தொடங்கியது. பருமன் எளிதில் மனத்தில் பதிய வேண்டும் என்று அந்தப் பாறைகளுக்கு டாய் பூடில், ஷிபா இனு, புல்டாக் என்று நாய் இனங்களின் பெயர்களை வைத்தார்கள் விஞ்ஞானிகள்.

இருட்டில் சுழியத்துக்குக் கீழே 100 பாகையைத் தாண்டி உறையவைக்கும் நிலவின் இரவு, பூமிக் கணக்கில் இரண்டு வாரம் நீள்வது. அதைத் தாங்கும்படி ஸ்லிம் கட்டப்படவே இல்லை. ஆனாலும் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் என மூன்று இரவுகளைக் கடந்து மூன்று முறை விழித்தது. ஏப்ரல் இறுதிக்குப் பின் குரல் வரவில்லை. மாதந்தோறும் அழைத்துப் பார்த்துவிட்டு, ஆகஸ்ட் 23 அன்று ஜாக்ஸா பயணத்தை முடித்துக்கொண்டது.

ஒடிசியஸ் சாய்ந்ததில் அலைவாங்கிகள் பூமியைச் சரியாகப் பார்க்கவில்லை. தரையைத் தொட்டபின் பத்து நிமிடத்துக்கும் மேல் மௌனம். பிறகு ஒரு மெல்லிய சமிக்ஞை. அந்த மெல்லிய குரல் வழியாகவே நாசா கருவிகளின் தரவுகளை முடிந்தவரை வாங்கினார்கள். பிப்ரவரி 29 அன்று அது உறங்கியது. மார்ச்சில் சூரியன் வந்தபோது எழவில்லை. ஒரு வாரம் உழைக்கத்தான் அது அனுப்பப்பட்டது. ஏறக்குறைய ஒரு வாரம் உழைத்தது. அந்தக் கணக்கில் அது தன் சொல்லைக் காப்பாற்றிய கலம்.

மதிப்பெண்

ஸ்லிம் கிளம்புமுன்பே ஜாக்ஸா மூன்று படிகளை எழுதி வைத்திருந்தது. மெல்ல இறங்கினால் குறைந்தபட்ச வெற்றி. 100 மீட்டருக்குள் இறங்கினால் முழு வெற்றி. அதன் பின்னும் சூரியன் மறையும் வரை சில நாள் இயங்கினால் கூடுதல் வெற்றி. இறங்கிய இரவு, துல்லியம் இன்னும் உறுதியாகாத நேரத்தில், ஜாக்ஸாவின் விண்வெளி அறிவியல் நிறுவனத்துத் தலைவர் ஹிதோஷி குனினாகா, தம் கலத்துக்கு நூற்றுக்கு 60 கொடுத்தார். மயிரிழையில் தேர்ச்சி என்றார். ஐந்து நாள் தரவுகளைப் பார்த்துவிட்டு, ஜனவரி 25 அன்று 55 மீட்டர் கணக்கையும் எஞ்சின் போன கதையையும் தலைகீழ்ப் படத்தையும் ஒன்றாக வெளியிட்டார்கள்.

ஒடிசியஸ் இறங்கியதும் முதலில் நிமிர்ந்து நிற்பதாகவே நிறுவனம் அறிவித்தது. மறுநாள் தலைவர் ஸ்டீவ் ஆல்டிமஸ், ஒரு சிறு மாதிரியைக் கையில் வைத்துச் சாய்த்துக் காட்டி, பக்கவாட்டில் கிடக்கிறது என்று விளக்கினார். பங்குச் சந்தையில் நிறுவனத்தின் பங்கு சரிந்தது. பழைய தரவைப் பார்த்து நேர்ந்த பிழைதான் அது. அவர்களே திருத்தினார்கள், பூட்டுக் கதையையும் மறைக்காமல் சொன்னார்கள். அந்த நேர்மைக்கு என் மரியாதை உண்டு. ஆனால் ஒவ்வொரு மணி நேரமும் விலை ஏறி இறங்கும் ஒரு நிறுவனம், ஐந்து நாள் பொறுத்துப் பேசும் வசதி இல்லாமல் வேலை செய்கிறது என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

இங்கே நான் ஜாக்ஸாவின் பக்கம் நிற்கிறேன். எதை வெற்றி என்று சொல்வோம் என்பதைக் கிளம்புமுன்பே எழுதி வைப்பது ஒரு பெரிய ஒழுக்கம். அளவுகோல் முன்பே இருந்ததால்தான், தலைகீழாக நின்ற ஒரு கலத்தைப் பார்த்து முழு வெற்றி என்று கூச்சமின்றிச் சொல்ல முடிந்தது. 60 மதிப்பெண் என்று தயங்காமல் சொல்லவும் முடிந்தது. கிடக்கும் கோலத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் இரண்டு கலங்களுக்கும் ஒரே தீர்ப்புதான் கிடைக்கும். கேட்டுப் போன கேள்வியை வைத்துப் பார்த்தால், ஸ்லிம் விடையோடு விழுந்தது. ஒடிசியஸ், தன் முறைக்கு இன்னும் என்ன வேண்டும் என்ற கேள்வியோடு விழுந்தது.

அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை. 2025 மார்ச் 2 அன்று ஃபயர்ஃபிளை நிறுவனத்தின் புளூ கோஸ்ட் நிமிர்ந்து இறங்கி, தனியாராலும் இது முடியும் என்று காட்டியது. நான்கே நாளில் இன்ட்யூட்டிவ் மெஷின்ஸின் இரண்டாவது கலமான அதீனா மீண்டும் சாய்ந்தது. மீண்டும் லேசர் அளவியில் சிக்கல். ஜூனில் ஜப்பானின் ஐஸ்பேஸ் நிறுவனத்துக் கலம் நொறுங்கியது. அங்கும் உயரத்தை அளக்கும் லேசர் தாமதித்தது. காலைவிடக் கண்ணே நிலவில் அரிது என்பதற்கு இவ்வளவு சாட்சி போதும். இது நமக்கும் அயலார் கதை இல்லை. சந்திரயான்-5 என இந்தியா ஒப்புதல் கொடுத்திருக்கும் அடுத்த பயணத்தில் இறங்கு கலம் இஸ்ரோவினுடையது, உலாவி ஜாக்ஸாவினுடையது. துருவத்தின் மேடுபள்ளத்தில் அது இறங்க ஸ்லிம்மின் கண்ணும் வேண்டும், முறியாத காலும் வேண்டும், கிளம்புமுன் ஒவ்வொரு பூட்டையும் தொட்டுப் பார்க்கும் கையும் வேண்டும்.

இன்று இரண்டு கலங்களும் நிலவில் மௌனமாகக் கிடக்கின்றன. இரண்டின் உடலிலும் நாசா கொடுத்த ஒரே மாதிரியான சிறு கண்ணாடி ஒட்டியிருக்கிறது: எட்டுப் பட்டகங்கள், ஓர் எலுமிச்சம்பழ அளவு, 20 கிராம் எடை. நிமிர்ந்து நிற்கும் நம் சந்திரயான்-3இன் இறங்கு கலமான விக்ரமிலும் அதே கண்ணாடி உண்டு. அதற்கு மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம்; ஒளி பட்டால் வந்த வழியே திருப்பி அனுப்பும். 2024 மே மாதம், நிலவைச் சுற்றும் நாசாவின் எல்ஆர்ஓ கலம் மேலிருந்து லேசரை அனுப்பியபோது, தலைகீழாக நின்ற ஸ்லிம்மின் கண்ணாடி அந்த ஒளியைத் திருப்பி அனுப்பியது. இனி அங்கே இறங்க வரும் கலங்களுக்கு, இடம் சொல்லும் கைவிளக்காக அது பல பத்தாண்டுகள் உதவக்கூடும்.